முன்னாடி ஆஸ்பத்திரி

அம்சாவுக்கு வந்த காய்ச்சல் ஒழுங்கு தவறாத காய்ச்சல். பொழுது சாயும்போது வரும், இரவெல்லாம் அனலாய்க் கொதிக்கும், விடிவதற்குள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். ஆகையால் அவளைப் பகலில் பார்க்கிற யாரும் அவளுக்குக் காய்ச்சல் என்பதை நம்பியதில்லை.

திருத்தணியில் சரவணப்பொய்கைக்குப் போகிற வழியில் அவள் ஒரு டிபன் கடை நடத்தினாள். புருஷன் தணிகைவேல் மலைக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டினான். அத்தை மகன் என்பதால் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் அவனைப் பாவா என்றுதான் கூப்பிடுவாள். காவடிக் கூட்டம் விடியும் முன்பே வந்துவிடும் ஊர் அது. அந்த நேரத்தில்தான் அம்சாவின் விரல்கள் மடங்க மாட்டேன் என்று அடம்பிடித்தன. வெந்நீரில் கையை ஊறவைத்து, விரல்களைக் கெஞ்சிக் கொஞ்சி வழிக்குக் கொண்டுவருவதற்குள் பாதிக் கூட்டம் அடுத்த கடைக்குப் போயிருக்கும்.

இதோடு முடியும் கொட்டியது. வேறு ஊராக இருந்தால் அக்கம்பக்கத்தார் பதறியிருப்பார்கள். திருத்தணியில் தலையில் முடி இல்லாதவரைப் பார்த்து யாரும் பதறுவதில்லை. "இன்னா வேண்டுதல் அம்சா?" என்று கேட்டுவிட்டு இட்லியைத் தின்றார்கள்.

கடைத்தெரு டாக்டர் ஒருவர் மட்டும் விரல்களைப் பிடித்துப் பார்த்தார். அரக்கோணத்துக்கு ரத்தம் அனுப்பினார். முடிவு வந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"உடம்பு தன்னையே எதிரின்னு நெனச்சு அடிக்கிற வியாதி ஒண்ணு இருக்கும்மா. லூப்பஸ்னு பேரு. எனக்கு அந்தச் சந்தேகம்தான். சீக்கிரம் பிடிச்சா மாத்திரையிலேயே அடக்கிடலாம். விட்டா கிட்னியில போய் உக்காந்துக்கும். நம்ம ஊர்லேயே இப்ப அதுக்குன்னு ஒரு பெரிய மையம் வந்திருக்கு. போங்க."

அரக்கோணம் சாலையில் இருந்த அந்த மையத்தின் பெயர் 'லூப்பஸ் முன்கூட்டிக் கண்டறிதல் மற்றும் வகைப்பாட்டு அளவுகோல் ஒப்பாய்வு உயர் மையம்.' பெயர்ப்பலகை முன்சுவரில் அடங்காமல் பக்கச் சுவருக்குத் திரும்பியிருந்தது. ஊர்க்காரர்கள் சுருக்கமாக 'முன்னாடி ஆஸ்பத்திரி' என்றார்கள். பலகையை முழுதாகப் படிக்கத் தணிகைவேல் ஆட்டோவோடு ஒரு சுற்றுச் சுற்றிவந்தான். அதில் சிகிச்சை என்ற சொல் எங்கும் இல்லை. இடம் பற்றாமல் விட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

உள்ளே மூன்று பிரிவுகள். இந்த நோயை அடையாளம் காண உலகத்தில் மூன்று அளவுகோல்கள் இருந்தன. தொண்ணூற்றேழாம் வருஷத்தது ஒன்று, இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் வந்தது ஒன்று, பத்தொன்பதில் வந்தது ஒன்று. மூன்றில் எது நோயாளியைச் சீக்கிரமாகப் பிடிக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே மையத்தின் லட்சியம். பிரிவுக்கு ஒரு டாக்டர்.

தொண்ணூற்றேழுக்குப் பஞ்சாட்சரம். வயதானவர், நிதானமானவர்.

"என்கிட்ட மொத்தம் பதினோரு அடையாளம். நாலு இருந்தா நோயாளி. உங்களுக்கு மூட்டு ஒண்ணு, ரத்தத்துல ஒண்ணு. ரெண்டு."

"முடி கொட்டுதுங்களே."

"முடி என் கணக்குல இல்ல."

"டெய்லி காய்ச்சல் வருதுங்க."

"அதுவும் இல்ல."

"அப்ப எனக்கு வர்றது?"

"வரலைன்னு நான் சொல்லலையேம்மா. வருது. கணக்குலதான் வரல. இன்னும் ரெண்டு வந்ததும் வாங்க."

பன்னிரண்டாம் வருஷத்துக்கு ஷோபனா. அவரிடம் அடையாளங்கள் பதினேழு. அவருக்கும் நாலு போதும். அதில் முடிக்கு இடம் இருந்தது. அம்சா மகிழ்ந்துபோய் முக்காட்டை விலக்கித் தலையைக் காட்டினாள். டாக்டர் சந்தேகத்தோடு பார்த்தார்.

"சொந்த ஊரே திருத்தணியா?"

"ஆங்."

"அப்போ இது தானா கொட்டினதா, காணிக்கையா?"

"காணிக்கைன்னா மொத்தமா எடுப்பாங்களேங்க."

"நீங்க சொல்றீங்க. ஆதாரம் வேணுமே. விசாரிக்கணும்."

பத்தொன்பதுக்கு எழிலன். இளைஞர். நின்றுகொண்டே பேசினார்.

"இங்க எண்ணிக்கை கிடையாது, மார்க்குதான். மூட்டுக்கு ஆறு. முடிக்கு ரெண்டு, நான் சந்தேகப்படறதில்ல, போட்டுட்டேன். ஆக எட்டு. பாஸ் மார்க் பத்து. காய்ச்சலுக்கு ரெண்டு மார்க் இருக்கு. காய்ச்சல் எங்க?"

"சாயங்காலமா வருங்க."

"மையம் மதியம் ஒரு மணியோட மூடிடுவோமே."

மூவரும் ஒருமனதாகச் சொன்னது ஒன்றே ஒன்று: மாத்திரை எதுவும் சாப்பிடக் கூடாது. சாப்பிட்டால் அடையாளங்கள் மறைந்துவிடும், ஒப்பீடு கெட்டுவிடும்.

அன்றிலிருந்து, காய்ச்சலை மதியத்துக்குள் வரவழைப்பது எப்படி என்பதே புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் கவலையாயிற்று. மாலையில் உடம்பு கொதிக்கக் கொதிக்க ஆட்டோவில் அழைத்துப் போனான் தணிகைவேல். வாசற்கதவு பூட்டியிருந்தது. காவலாளி அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நெருப்பா கீதும்மா. ஆனா நான் தொட்டா செல்லாதே" என்று வருத்தப்பட்டார்.

ஒருநாள் முருகனே மனம் இரங்கினான். கிருத்திகைக் கூட்டத்தில் அடுப்படியிலேயே நின்றதில் காய்ச்சல் முற்பகலிலேயே ஏறிவிட்டது. தணிகைவேல் சவாரிகளை நடுவழியில் இறக்கிவிட்டு, காசையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் மையத்துக்குப் பறந்தான். எழிலன் தெர்மாமீட்டரை வைத்தார். எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நூத்தியொண்ணு."

"அப்பாடா" என்றான் தணிகைவேல்.

"நூத்தியொண்ணைத் தாண்டணும். இது தாண்டலை. நூத்தியொண்ணுலேயே நிக்குது."

"ஏறிகினே கீது சார். இன்னொரு வாட்டி வெச்சிப் பாருங்க."

"கூடாது. ரெண்டு தடவை வெச்சா, நாங்களா காய்ச்சலைத் தேடின மாதிரி ஆயிடும்."

"தேடறதுக்குத்தானே சார் ஆஸ்பத்திரி?"

"நாங்க முன்கூட்டிக் கண்டறியறவங்க" என்றார் எழிலன் பொறுமையாக. "தேடறது வேற."

இதற்கிடையே ஷோபனாவின் விசாரணை நடந்தது. மையத்திலிருந்து இரண்டு பேர் அம்சாவின் போட்டோவோடு மலைக்குப் போய், முடி இறக்கும் மண்டபத்தில் ஒவ்வொருவரிடமும் காட்டி, இந்தத் தலையை நினைவிருக்கிறதா என்று கேட்டார்கள். அங்கே மூத்தவர் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இங்க கொஞ்சம், அங்க கொஞ்சம்னு விட்டு வெச்சிக்கிறது நாங்க செஞ்ச வேலையா? நாங்க தொட்டா தலை பளபளன்னு இருக்கும். எங்க பேரைக் கெடுக்காதீங்க." இந்தச் சாட்சியத்தை ஏற்கலாமா என்று முடிவெடுக்க ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது. முடி நிலுவையில் நின்றது. கொட்டுவது மட்டும் நிற்கவில்லை.

சித்திரை பிறந்ததும் பஞ்சாட்சரம் சொல்லி அனுப்பினார்.

"வெயில் பட்டா முகத்துல தடிப்பு வருதாம்மா? அது என் கணக்குல இருக்கு."

"கடைக்குக் கூரை கீதுங்க. வெயில்ல நான் எங்க போறேன்?"

"பட்டுப் பாத்தாத்தானே தெரியும்?"

மையத்தின் முற்றத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்தார்கள். திருத்தணிச் சித்திரை வெயிலைப் பற்றித் தினமும் மாலைச் செய்தியில் சொல்வார்கள், அதற்குமேல் இங்கே சொல்லத் தேவையில்லை. தணிகைவேல் குடையை விரித்தான். பஞ்சாட்சரம் மடக்கச் சொன்னார். நோய் இல்லாத ஒருவர் ஒப்பீட்டுக்கு வேண்டும் என்பதால் காவலாளியையும் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். சிறிது நேரத்தில் காவலாளி கண்கள் செருகிச் சரிந்தார். அவரை உள்ளே தூக்கிப்போய் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மையம் தொடங்கியதிலிருந்து அங்கே சிகிச்சை பெற்ற முதல் மனிதர் அவர்தான்.

மறுநாள் அம்சாவின் முகத்தில், மூக்குத்தண்டின் இரு பக்கமும் கன்னங்களில் செவசெவவென்று தடித்திருந்தது. கண்ணாடியில் பார்த்தவள் அழவில்லை. "பாவா, வந்துடுச்சி" என்று கூவினாள். பிறகு தன் சந்தோஷத்தை நினைத்துத் தானே பயந்துபோனாள்.

பஞ்சாட்சரம் லட்டோடு கடைக்கே வந்தார். "மூட்டு, ரத்தம், தடிப்பு, வெயில். நாலு! என் முறைப்படி நீங்க நோயாளி. வாழ்த்துகள்." எழிலனும் தடிப்புக்கு ஆறு மார்க் சேர்த்து அவளைப் பாஸ் பண்ணினார். ஷோபனாவிடம் மட்டும் மூன்று. முடி இன்னும் துணைக்குழுவில் இருந்தது.

"ரெண்டு பேரு ஒத்துக்கினாங்களே, மருந்து ஆரம்பிப்பாங்க" என்று தணிகைவேல் நம்பினான். இயக்குநர் பாலசுப்பிரமணியன் இருவரையும் தன் அறைக்கு அழைத்து எதிரே உட்காரவைத்தார். கனிவான மனிதர். காபி வரவழைத்தார்.

"அம்சாம்மா, நீங்க இந்த மையத்துக்கே பெருமை. உங்களை ரெண்டு அளவுகோல் முன்கூட்டிக் கண்டுபிடிச்சிருக்கு."

"மருந்து எப்ப சார் குடுப்பீங்க?"

"அதுக்குத்தான் வர்றேன். முன்கூட்டின்னா என்ன? எதைவிட முன்கூட்டி? மூணாவது அளவுகோலும் உங்களைக் கண்டுபிடிச்சாத்தான், மத்த ரெண்டும் எவ்வளவு முந்திச்சுன்னு சொல்ல முடியும். இப்ப மருந்து குடுத்து நீங்க குணமாயிட்டா, மூணாவது உங்களைக் கண்டுபிடிக்கவே முடியாது. அப்புறம் நாங்க முந்தினதுக்கு என்ன சாட்சி? தாமதமாகத் தாமதமாகத்தான் நாம எவ்வளவு சீக்கிரம்னு நாட்டுக்குத் தெரியும்."

தணிகைவேல் காபியைக் கீழே வைத்தான். "சார், எனக்குப் புரியல. நாங்க சீக்கிரம் வந்தமா, லேட்டா வந்தமா?"

"சீக்கிரம் வந்தீங்க" என்றார் இயக்குநர் நெகிழ்ந்து. "இதுவரைக்கும் யாருமே இவ்வளவு சீக்கிரம் வந்து இவ்வளவு நாள் காத்திருந்ததில்ல."

வைகாசியில் அம்சாவின் கால்கள் வீங்கின. கொலுசு சதைக்குள் புதைந்தது. சிறுநீர் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைத்தது. கடையைப் பாதி நாள் மூடினார்கள், பிறகு முழு நாளும் மூடினார்கள். மையத்துக்குப் போய்ச் சொன்னாள். "என் கணக்கு முடிஞ்சிருச்சேம்மா, இனி வர்றதெல்லாம் மிச்சம்" என்றார் பஞ்சாட்சரம். "பாஸானதுக்கு அப்புறம் கூட மார்க் வாங்கி என்ன பண்ணப்போறீங்க?" என்றார் எழிலன். ஷோபனா மட்டும் எழுந்தே நின்றுவிட்டார்.

"கிட்னியா? அது நாலாவது! உறுதியானா மூணு அளவுகோலும் ஒத்துப்போகும். அடுத்த வாரம் நம்ம மையத்தோட மாநாடு. மேடையிலேயே பரிசோதிச்சு அறிவிச்சிடலாம். அதுவரைக்கும் தாங்குவீங்க இல்ல?"

அம்சா சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். வழியெல்லாம் ஆட்டோவின் பின்சீட்டில் சாய்ந்து படுத்திருந்தாள். வீட்டு வாசலில், "பாவா, நான் செத்துட்டா எந்தக் கணக்குல வருவேன்?" என்று கேட்டாள். தணிகைவேல் ஆட்டோவை அணைக்க மறந்து உட்கார்ந்திருந்தான்.

அந்த ஒரு வாரத்தில் வேறு டாக்டரிடம் போகலாம் என்று அவன் பலதரம் சொன்னான். அவள்தான் மறுத்தாள். இத்தனை மாசம் காத்திருந்துவிட்டு இப்போது போனால், முதலிலிருந்து எண்ணத் தொடங்குவார்களோ என்று அவளுக்குப் பயம்.

மாநாடு பெரிய கல்யாண மண்டபம் ஒன்றில் நடந்தது. வாழைமரம், நாகஸ்வரம், சந்தனம் எல்லாம் இருந்தன. மேடையில் வழக்கமாகப் பெண் மாப்பிள்ளை உட்காரும் சிவப்பு நாற்காலிகள் இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டு, மற்றதில் அம்சாவை உட்காரவைத்தார்கள். அளவுகோல்களுக்கு ஒவ்வொரு டாக்டராக எழுந்து மாலை போட்டார்கள். நிஜமாகவே மூன்று பெரிய மரக்கோல்கள் செய்து நிறுத்தியிருந்தார்கள்.

காலை முழுதும் பேச்சு. நாலாவது அடையாளம் கால் வீங்கிய நாளிலிருந்து கணக்கா, அதை நோயாளி சொன்ன நாளிலிருந்தா, டாக்டர் கேட்ட நாளிலிருந்தா என்று ஷோபனாவுக்கும் எழிலனுக்கும் வாக்குவாதம் முற்றியது. மைக் கையிலிருந்து கைக்குப் பறந்தது. "இந்தத் தாய் நம் மூன்று பிள்ளைகளுக்கும் பொதுவான சொத்து" என்று இயக்குநர் சமாதானம் செய்தார். கைதட்டினார்கள். அவர் கை காட்டியது அம்சாவை. அவள், யார் கணக்கிலும் இன்னும் ஏறாத வாய்ப்புண் எரிய எச்சில் விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சாப்பாட்டு இடைவேளையில் எல்லோரும் பந்திக்கு ஓடினார்கள். அம்சாவால் எழ முடியவில்லை. தணிகைவேல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான். சென்னையிலிருந்து பார்வையாளராக வந்திருந்த டாக்டர் தேவயானி, கை கழுவப் போனவர், நின்றார். மேடையேறி வந்து குனிந்து, அம்சாவின் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்தபின்னும் குழி அப்படியே இருந்தது.

"எத்தனை நாளா வீக்கம்?"

"மூணு வாரமாங்க."

"நுரை போகுதா?"

"ஆங்."

"யாரு மருந்து குடுக்கறாங்க?"

"இன்னும் யாரும் குடுக்கலைங்க. ரெண்டு பேரு ஒத்துக்கினாங்க. ஒரு டாக்டரம்மா இன்னும் ஒத்துக்கல."

தேவயானி மூன்று மரக்கோல்களையும் நிமிர்ந்து பார்த்தார். அவற்றின் கழுத்தில் மாலை வாடத் தொடங்கியிருந்தது.

"இதோ பாருங்க. இந்த அளவுகோல் எல்லாம் ஆராய்ச்சிக்கு ஒரே மாதிரி ஆளுங்களைச் சேர்க்கறதுக்கு. ஒருத்தருக்கு மருந்து குடுக்கலாமா வேணாமான்னு பூட்டிவைக்கறதுக்கு இல்ல. அதை டாக்டர் ஆளைப் பாத்து முடிவு பண்ணணும்."

"அது இவங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றான் தணிகைவேல்.

"தெரியும். அளவுகோலைப் போட்ட கட்டுரையிலேயே எழுதியிருக்கு."

"அப்ப ஏன் மேடம்?"

"அந்த வரியைத் தாண்டித்தான் மார்க் ஆரம்பிக்குது" என்றவர், அம்சாவின் கையைப் பிடித்தார். "உனக்கு வியாதி இருக்கும்மா. லூப்பஸ்தான். கிட்னியைத் தொட்டிருக்கும்போல. இன்னிக்கே அட்மிட் ஆகணும்."

மாசக்கணக்கில் வெயிலிலும் வாசலிலும் அழாத அம்சா அப்போது அழுதாள். "நெஜமாவா டாக்டரம்மா? எனக்கு வியாதிதானா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். ஆமாம் என்று ஒவ்வொரு முறையும் சொன்னார் தேவயானி.

அவர் வந்த காரிலேயே மூவரும் சென்னைக்குக் கிளம்பினார்கள். மண்டபத்தில் யாரும் தடுக்கவில்லை, யாரும் பார்க்கவுமில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு அமர்வு தொடர்ந்தது. காலி நாற்காலியை வைத்துக்கொண்டே மாலைவரை வாதாடி, மூன்று அளவுகோல்களும் அந்தப் பெண்மணியை நோயாளியாக ஏற்கின்றன என்று கரவொலிக்கிடையே அறிவித்தார்கள். சால்வை போர்த்தத் தேடியபோதுதான் ஆள் இல்லாதது தெரிந்தது. சால்வையை அளவுகோல்களில் வயதில் மூத்ததான தொண்ணூற்றேழுக்குப் போர்த்தினார்கள்.

சென்னையில் ஊசிகளும் மாத்திரைகளுமாக நாட்கள் ஓடின. கிட்னி முழுதாகப் பழையபடி ஆகாது, ஆனால் காப்பாற்றிவிட்டோம் என்றார் தேவயானி. முகம் உப்பியது, பிறகு வடிந்தது. ஐப்பசியில் அம்சா கடையைத் திறந்தாள். கனமான வேலைகளைத் தணிகைவேல் செய்தான். மாத்திரை வாழ்நாள் முழுதும் உண்டு.

மையத்தின் ஆண்டறிக்கை வெளியானது. அதில் அம்சா இரண்டு இடங்களில் இருந்தாள். 'மிக விரைவாகக் கண்டறியப்பட்டவர்' என்று ஓரிடத்தில். 'இருப்பிடம் அறிய இயலாமல் ஆய்விலிருந்து விடுபட்டவர்' என்று மற்றோரிடத்தில். அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டே மையத்தின் ஊழியர்கள் அவள் கடையில் இட்லி தின்றார்கள்.

கார்த்திகைக் குளிரில் ஒருநாள், கூட்டம் சேர்வதற்கு முன் ஒரு கார் கடையிலிருந்து தள்ளி நின்றது. தலையில் மப்ளர் சுற்றிய ஒருவர் இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு வந்தார். கிட்டே வந்த பிறகுதான் இயக்குநர் பாலசுப்பிரமணியன் என்று தெரிந்தது. காரின் பின்சீட்டில் ஒரு பெண், காலேஜ் படிக்கிற வயசு, விரல்களைப் பிசைந்துகொண்டிருந்தாள். கன்னங்களில் சிவப்பு.

"என் பொண்ணு" என்றார் அவர். "ஒரு வாரமா கை மடங்கல. நேத்து ராத்திரி காய்ச்சல்." காரைத் திரும்பிப் பார்த்தார். "அந்த மெட்ராஸ் டாக்டரம்மா நம்பர் இருக்குமாம்மா?"

அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்த தணிகைவேல் திரும்பினான். "ஏன் சார், உங்க மையத்துக்கே இட்டுகினு போகலாமே? மூணு டாக்டரு கீறாங்களே?"

இயக்குநர் தலை குனிந்தார். "அங்க நேரமாகும்பா" என்றார்.

தணிகைவேல் வாயைத் திறந்தான். அம்சா அவனைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள், போனை எடுத்து நம்பரைச் சொன்னாள். பாலசுப்பிரமணியன் தன் போனில் போட்டுக்கொள்ளப் பார்த்தார். இரண்டு முறை தப்பு நம்பராயிற்று.

"வுடுங்க சார், நான் போடறேன்" என்று அம்சா தன் போனிலேயே அழைத்தாள். மணி அடித்தது. எதிர்முனையில் தூக்கக் குரல் கேட்டதும், "டாக்டரம்மா, திருத்தணி அம்சா பேசறேன். எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லா கீறேன். ஒரு பொண்ணு கீது, இன்னிக்கே பாக்கணும்" என்றாள். பதிலைக் கேட்டுவிட்டுக் காரைப் பார்த்துச் சொன்னாள்:

"கெளம்பி வரச் சொல்றாங்க."